வகிட்டுல வெயில்

பெப்ரவரி 11
காலையில புல்லு மேல பனி ஒறஞ்சு வெள்ளையா கெடந்துச்சு. பத்து மணிக்கெல்லாம் சுள்ளுனு வெயில். இந்த ஊர்ல போய் வெயில்னு சொன்னா சிரிப்பாங்க.

பெப்ரவரி 12
ட்யூப் வந்துருச்சு. ஃப்ளோரோயூரசில், 5 வீதம், வெயில் சுட்டு கெட்டுப்போன தோலுக்கு பூசுற மருந்து. காலையில ஒருக்கா ராத்திரி ஒருக்கா, நாலு கெழம. நெத்தி, மூக்குத்தண்டு, வகிடு. கண்ணுகிட்ட போகக்கூடாது, பூசுன கைய உடனே கழுவணும். நாய் இத நக்குனா செத்தே போயிருமாம், நம்ம ஆளுக்கு மூஞ்சிய நக்குறதுதான் வேலையே, அதனால உள்ள விடுறதில்ல. வாசல்ல ஒக்காந்து என்னையவே பாக்குது.

பெப்ரவரி 15
ஒண்ணுமே ஆகல. காசு வீணா?

பெப்ரவரி 16
வலது காதுல திரவ நைட்ரஜன் அடிச்ச எடம் காஞ்சு உதிருது. மைனஸ் 196 டிகிரியாம், வெயில் சுட்டத குளிர வச்சு சுடுறாங்க. அது பரவால்ல. எடது காதுதான். தடிச்சு, தொட்டா வலிச்சுச்சே, அத வெட்டி அனுப்பிருக்காங்க. ரிப்போர்ட் எப்ப வரும்னு கேட்டா நர்ஸ் மிஸ்ஸி கொப்பிய மூடிட்டு அடுத்த நம்பர கூப்புடுறாங்க.

பெப்ரவரி 21
செவக்க ஆரம்பிச்சிருச்சு. எரியுதுன்னா அப்பிடி எரியுது, கொச்சிக்கா அரைச்சு பூசுன மாதிரி. பக்கத்து காம்பரா அத்த எட்டி பாத்துட்டு, ஆத்தா வந்திருக்கா, கறி ஆக்காதீங்கன்னு அம்மாகிட்ட சொல்லிட்டு போயிட்டாங்க, அம்மாவும் உடனே கருவாட்ட எடுத்து ஒளிச்சு வச்சாச்சு. வேப்பில தேடுனாங்க. இந்த குளிர்ல வேப்பமரத்துக்கு எங்க போறது.

பெப்ரவரி 22
கருவாடு வேணும்.

பெப்ரவரி 26
இன்னைக்கு கண்ணாடிய ரொம்ப கிட்ட வச்சு பாத்தேன், கிட்ட வச்சாத்தானே எனக்கு தெரியும். சொரசொரப்பா இருந்தது நெத்தியில நாலே எடம், மண்கடதாசி மாதிரி, கைக்கு தெரியும் கண்ணுக்கு தெரியாது. இப்ப பதினஞ்சுக்கு மேல செவந்து நிக்குது. மருந்து புதுசா உண்டாக்கல, உள்ள ஒளிஞ்சிருந்தத வெளிய இழுத்துருக்கு, வேகமா பெருகுற கெட்ட செல்லத்தான் அது தேடி கொல்லுமாம், நல்ல தோல அவ்வளவா ஒண்ணும் செய்யாதாம். வகிட்ட பாத்ததும்தான் வயித்த என்னமோ செஞ்சுச்சு. ஸ்கேல் வச்சு கோடு போட்ட மாதிரி ஒரே செவப்பு. அம்மா எடுத்த வகிடு. தெனம் எண்ண வச்சு, பொறந்ததுலருந்தே இருக்குற என் வெள்ளமுடிய இறுக்கி வாரி, ஒரே எடத்துல. மலைக்கு கொழுந்து பறிக்க போறப்ப புள்ளக்காம்பராவுல விட்டுட்டு போவாங்க, குளிருது புள்ளைகளுக்குனு ஆயம்மா வாசல்ல வரிசையா வெயில் காய வைப்பாங்க. மத்த புள்ளைங்களோட நானும் காஞ்சேன்.

இத அம்மாகிட்ட சொல்லல.

மார்ச் 1
சொல்லிட்டேன். சொல்லிருக்க கூடாது. தேத்தண்ணிய குடிக்காம அப்பிடியே வச்சிட்டாங்க.

மார்ச் 3
அண்ணன் ஃபோன்ல, அங்கதான் எப்பவும் மிஸ்ட்டா இருக்குமே, கொழும்பு வெயில்ல கெடக்குற எனக்கே ஒண்ணுமில்லையே உனக்கு எப்பிடின்னு கேக்குறான். டேய், ஒனக்கு தோல்ல கறுப்பு இருக்குடா, எனக்கு பொறவியிலயே இல்லடா. ஆயிரம் மீட்டர் ஏறுனா வெயில்ல உள்ள யூவி கதிர் பத்து வீதம் கிட்ட கூடும், நம்ம ஆறாயிரம் அடியில இருக்கோம், லேசான மேகம்லாம் அத நிறுத்தாது, குளிர்ல சுடுறது தெரியாது அவ்வளவுதான். இவ்வளவையும் மூச்சு விடாம சொல்லி முடிச்சா லைன் எப்பவோ கட்டாகியிருக்கு.

மார்ச் 6
புள்ளைங்க டீச்சர் எப்ப வருவாங்கன்னு கேட்டாங்களாம். இந்த மூஞ்சிய பாத்தா ஓடிரும்.

மார்ச் 9
எல்லாம் கேன்சரா மாறாது, பெரும்பாலும் மாறாது, ஆனா எது மாறும்னு பாத்து சொல்ல முடியாது, அதான் எல்லாத்தையும் எரிக்கிறோம்னாங்க டொக்டர். நல்லா தமிழ் பேசுறாங்க. எனக்கு அந்த "பெரும்பாலும்" மட்டும்தான் காதுல நிக்குது. எடது காதுல.

மார்ச் 12
கடைசி பூச்சு. ட்யூப உருட்டி உருட்டி பிதுக்கியாச்சு.

மார்ச் 20
பொருக்கு உதிருது. உள்ள ரோஸ் கலர் தோல், கைக்குழந்த மாதிரி. நாய உள்ள விட்டாச்சு. அம்மா பின்னாடி வந்து நின்னு தலைய பாத்தாங்க, சீப்ப எடுத்தாங்க, வகிடு எடுக்காம அப்பிடியே பின்னால வாரி விட்டாங்க. ரெண்டு பேரும் பேசல.

மார்ச் 24
கிளினிக்லருந்து ஃபோன். நாளைக்கே வரணுமாம், யாரையாவது கூட்டிட்டு வாங்கன்னாங்க. ஏன்னு சொல்லல. டவுனுக்கு தொப்பி வாங்க போறேன்னு அம்மாகிட்ட சொல்லிருக்கேன். அகலமா பாத்து வாங்குன்னு காசு எடுத்து குடுத்தாங்க.