வாட்டர்லூ பெட்டியிலிருந்து 52ஆம் லைட் இன்ஃபன்ட்ரி

1/72 அளவில் (அசலில் 72இல் ஒரு பங்கு) 1815 வாட்டர்லூ போரின் பிரிட்டிஷ் காலாட்படை என்று விற்கும் மென்பிளாஸ்டிக் பொம்மை வீரர் பெட்டிகளில், பெரும்பாலும் எல்லார் தலையிலும் பெல்ஜிக் ஷாகோ என்ற படைத்தொப்பிதான். முன்பக்கம் மட்டும் உயர்ந்து, இடது ஓரத்தில் இறகு செருகிய தொப்பி அது. ஆனால் லைட் இன்ஃபன்ட்ரி (இலகு காலாட்படை) ரெஜிமென்ட்கள் 1815இலும் பழைய உருளை ஷாகோவை விடவில்லை. நெப்போலியனின் காவல்படையைப் பக்கவாட்டில் தாக்கிய தளபதி கோல்போர்னின் 52ஆம் ரெஜிமென்ட்டைப் போர் விளையாட்டு மேசையில் இறக்க வேண்டுமென்றால் தொப்பியை நாமேதான் மாற்றியாக வேண்டும். அன்று அந்தப் பட்டாலியனில் ஆயிரத்துக்கும் மேல் ஆட்கள். 33 பேருக்கு ஒரு பொம்மை என்று வைத்தால் 30க்கும் மேல் பொம்மை தேவை.

முதலில் பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய டூத்பிரஷும். அச்சிலிருந்து வரும் எண்ணெய்ப் பசை போகாவிட்டால் பிறகு செய்வதெல்லாம் வீண்.

இந்தப் பிளாஸ்டிக் பாலிஎத்திலீன். அரம், உப்புத்தாள் இரண்டும் வேண்டாம். தேய்த்த இடம் பஞ்சாகப் பிரிந்து நிற்கும். புது 11ஆம் நம்பர் பிளேடால் (கூர்முனைக் கைவினைக் கத்தியின் அலகு) மெல்லிசாகச் சீவுவதுதான் வழி. முன்தகட்டின் மேல்வளைவைச் சமமாக வெட்டி, குறுக்கே ஓடும் கயிற்றையும் பக்க இறகையும் எடுத்துவிடுங்கள். தகட்டுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தை எபாக்சி புட்டியால் நிரப்பினால் உருளை வந்துவிடும். தொப்பியின் உயரம் சுமார் 2.5 மி.மீ. இருந்தால் போதும். புட்டி இதில் தானாக ஒட்டாது. சூடான ஊசியால் மூன்று நான்கு குழி குத்திவிட்டு அழுத்தினால்தான் பிடிக்கும். இதை விட்டவர்களுக்குப் புட்டி காய்ந்த பிறகு மூடி போலக் கழன்று வரும். எம்-சீல் மலிவு என்றாலும் இவ்வளவு சிறிய வேலைக்குக் கரடுமுரடு, இறுகுவதும் வேகம். மாடல் செய்பவர்கள் 'கிரீன் ஸ்டஃப்' என்று சொல்லும் பச்சை எபாக்சி புட்டியே மேல். ஒரு மணி நேரமாவது வளைந்து கொடுக்கும், பிளேடைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டால் ஒட்டாது.

புது இறகு தொப்பியின் முன்பக்க நடுவில், பச்சை நிறத்தில். தோளில் எல்லாருக்கும் 'விங்ஸ்' எனும் பிறை போன்ற தோளணி உண்டு: மெல்லிய புட்டித் திரியைத் தோள் விளிம்பில் வளைத்து ஒட்டி, பிளேடு நுனியால் கோடு கோடாக அழுத்துங்கள்.

தலையையோ கையையோ மாற்றுவதானால் பசையை நம்பாதீர்கள். மாடல் பசை இதைக் கரைக்காது, சூப்பர் குளூ ஒரு தட்டுக்கு விட்டுவிடும். 0.5 மி.மீ. துளையும் பித்தளைக் கம்பியும் போடுங்கள். வளைந்த துப்பாக்கியை வெந்நீரில் முக்கி நிமிர்த்தி, உடனே குளிர்ந்த நீரில் விடுங்கள்.

பெயின்ட் உரிவது எப்போதும் துப்பாக்கி முனையிலும் அதில் செருகிய பயனெட் கத்தியிலும்தான், வளைவது அதுதானே. எனாமல் விறைத்து வெடிக்கும். அக்ரிலிக் கொஞ்சம் இழுபடும். சரிபாதி தண்ணீர் கலந்த பி.வி.ஏ. பசையை (வெள்ளை மரப்பசை) முதல் பூச்சாகவும், பெயின்டுக்கு மேல் இன்னொரு முறையும் கொடுத்தால் பெரும்பாலும் தாங்கும்.

சிப்பாய்களின் கோட்டு செங்கல் சிவப்பு, அதிகாரிகளுடையது பளிச்சென்ற ஸ்கார்லெட். இந்த வேறுபாட்டைக் காட்டாத படை எனக்குப் பொம்மைக்கடை வரிசையாகவே தெரியும். அடர் பழுப்புச் சிவப்பை அடியில் பூசி, வார்களின் ஓரத்தில் அது தெரிய விடுங்கள். 52இன் கழுத்துப்பட்டியும் கைமடிப்பும் பஃப் நிறம் (வெளிர் மஞ்சள் பழுப்பு), குறுக்கு வார்களும் அப்படியே. பழக்கதோஷத்தில் வெள்ளை அடித்துவிடக் கூடாது. கால்சட்டை சாம்பல், முதுகுப்பை கறுப்பு, தண்ணீர்க் குடுவை நீலம்.

கடைசியாக மேட் வார்னிஷ். மழைக்காலத்தில் ஸ்ப்ரே அடித்தால் வெள்ளையாகப் பூத்துவிடும், தூரிகையால் பூசுங்கள்.