காய்ச்சல் இல்லாதவருக்கும் குளிசையா?

"எனக்குத்தான் காய்ச்சலே இல்லையே, பிறகு எதற்குக் குளிசை?" ஆபிரிக்காவுக்குக் கிழக்கே உள்ள கொமொரோஸ் தீவுகளில் ஊர் முழுவதற்கும் மலேரியா மருந்து கொடுத்த கதையைச் சொன்னபோது அம்மம்மா இப்படித்தான் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் மலேரியாக் கிருமி அறிகுறியே காட்டாமல் பலரது இரத்தத்தில் இருக்கும். நுளம்பு அவர்களைக் கடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகும். அதனால்தான் நோயாளியைத் தேடாமல் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மருந்து. 2007 இல் அங்குள்ள மொஹேலித் தீவில் இதைச் செய்தபோது நோய் சட்டென்று குறைந்தது; அடியோடு ஒழியவில்லை.

மலேரியாக் கிருமிகளில் விவாக்ஸ் என்ற வகை இன்னும் பொல்லாதது. ஈரலில் பல மாதங்கள் உறங்கிவிட்டு மீண்டும் எழும். அதை அழிக்கும் பிரைமாகுயின் என்ற மருந்து, குறித்த ஒரு நொதி குறைந்தவர்களின் சிவப்பணுக்களை உடைத்துவிடும். பரிசோதிக்காமல் ஊருக்கே கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன்.

இலங்கையில் நாங்கள் வேறு வழியில் போனோம்: இரத்தப் பரிசோதனை, நடமாடும் சிகிச்சை நிலையங்கள், மருந்து தெளிப்பு, நுளம்பு வலை. அதுவும் போர்க்காலத்தில்! உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில். 2016 இல் மலேரியா அற்ற நாடு என்ற உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழ்.

ஆனால் 1963 இலும் நோய் 17 பேரென்று குறைந்து, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் லட்சக்கணக்கில் பெருகியது. இப்போது மலேரியாவைப் பரப்பக்கூடிய, கிணறுகளில் பெருகும் ஸ்டீபன்சி நுளம்பு மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கிறது. இந்தியாவுக்கோ ஆபிரிக்காவுக்கோ போய்வந்து காய்ச்சல் வந்தால், பனடோலோடு படுத்துவிடாமல் இரத்தம் சோதியுங்கள்.