தவலையும் கொம்பும்: கும்பகோணத்துப் பட்டறைக் குறிப்புகள்

ஜூன் 9, 2024

பழைய பித்தளைச் சாமான்களைக் கொண்டு நான் செய்யவிருக்கும் அடுத்த சிற்பம் பார்ப்பதற்கு மட்டுமன்றி ஊதுவதற்கும் உரியதாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்த பிறகு, கோயில்களுக்குக் கொம்பு, எக்காளம், திருச்சின்னம் ஆகிய ஊதுகருவிகளைச் செய்து தரும் கன்னார் (பித்தளைத் தொழிலாளி) ஒருவரின் பட்டறைக்கு இன்று சாமான்களை எடுத்துச் சென்றேன். பயிருக்கு மருந்தடிக்கும் கைத்தெளிப்பானின் நீண்ட குழாய், பம்பு அடுப்பின் எண்ணெய்த் தொட்டி, உடைந்த குத்துவிளக்கின் தண்டு, தோளில் பெயர் வெட்டிய ஒரு பெரிய தவலை ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. அவருடைய குடும்பத்தார் முன்பு குடமும் அண்டாவும் அடித்துக் கொண்டிருந்தவர்கள். எவர்சில்வர் வந்து அந்தத் தொழிலைத் தின்றுவிட்டதால், கோயில் வாத்தியங்களே இப்போது அவருக்குச் சோறு போடுகின்றன.

ஒவ்வொன்றையும் காதருகே வைத்து விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். எந்தப் பொருள் எங்கே கிடைத்தது, அதற்குப் பின்னால் என்ன கதை இருக்கிறது என்று நான் விவரித்ததைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "இதுல காத்து எந்த வழியாப் போகும், தம்பி?"

ஜூன் 11, 2024

அந்தக் கேள்விக்கு விடை காண்பதிலேயே இன்றைய பொழுது முழுவதும் கழிந்தது. கொம்பில் ஒலிப்பது பித்தளை அன்று, அதற்குள் அடைபட்டிருக்கும் காற்றே. உதடுகளின் துடிப்பு அந்தக் காற்றுத் தூணை அசைக்கிறது. ஸ்வரங்களைத் தீர்மானிப்பவை அதன் நீளமும் அது விரிந்து செல்லும் விதமும்தான். ஒரு முனை உதட்டால் அடைபட்ட நேர்குழாயில் ஒற்றைப்படை எண்ணுக்குரிய மேல்சுரங்கள் (அடிச்சுரத்தைப்போல் மூன்று, ஐந்து என்ற மடங்குகளில் அதிர்பவை) மட்டுமே வலுவாக எழும். குழாய் கூம்பாக விரிந்தால், அல்லது ஊதுவாயும் மலர்ந்த வாயும் தக்க அளவில் அமைந்தால், சட்ஜம், பஞ்சமம், மேல் சட்ஜம், அந்தர காந்தாரம் என்ற வரிசை கைகூடும். குழாய் பிறைபோல வளைந்தாலும் இருமுறை வளைந்து நெளிந்தாலும் ஸ்வரம் பெரிதாக மாறுவதில்லை என்பதால்தான் நம் கொம்புகள் இத்தனை வடிவங்களில் இருக்கின்றன.

என் சாமான்களோ ஒன்றோடொன்று பொருந்தாதவை. தெளிப்பான் நேர்குழாய், அடுப்புத் தொட்டி இரு பக்கமும் அடைத்த குடுவை, தவலை கழுத்தில் குறுகி வயிற்றில் விரிவது. இவற்றை அப்படியே கோத்தால் ஒவ்வோர் இணைப்பிலும் காற்று தடுக்கி நிற்கும். பொருள்கள் சந்திக்கும் இடங்களில் படிக்கட்டுபோல் விளிம்புகள் தெரிய வேண்டும் என்பது என் பிடிவாதம், ஏனெனில் அவை தனித்தனி வீடுகளிலிருந்து வந்தவை என்பதை அந்த விளிம்புகளே சொல்கின்றன. உள்ளே படி இருக்கவே கூடாது என்பது அவருடைய பிடிவாதம். மாலையில் அவரே வழி கண்டார். ஒவ்வோர் இணைப்பின் உட்புறத்திலும் மெல்லிய தகட்டில் செய்த கூம்பு வளையம் ஒன்றைச் செருகினால், வெளியே படி படியாகவும் உள்ளே சரிவு சரிவாகவும் இருக்கும். வெளிப்புறத்தில் நான் சொல்வதே முடிவு, உட்புறத்தில் அவர் சொல்வதே முடிவு என்று வகுத்துக்கொண்டோம்.

ஜூன் 12, 2024

அடுப்புத் தொட்டியை விலக்கிவிட்டோம். அதன் வயிறு காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளுமே தவிர வழிவிடாது.

ஜூன் 16, 2024

பட்டறைக்கு விடுமுறை. கிடைத்த பொருள்களைக் கொண்டு சிற்பம் செய்பவர்கள் பித்தளை வாத்தியங்களை எப்படிக் கையாண்டிருக்கிறார்கள் என்று மீண்டும் நினைத்துப் பார்த்தேன். லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்காக 2001இல் பிரிட்டிஷ் கலைஞர் கார்னிலியா பார்க்கர், இனிப் பயன்படாத 54 பித்தளை வாத்தியங்களைத் தட்டையாக நசுக்கி, இரு தளங்களுக்கு இடையிலுள்ள வட்டத் திறப்பில் தொங்கவிட்டார். மூச்சு பறிபோன வாத்தியங்கள் என்பதே அப்படைப்பின் பொருள். அமெரிக்கச் சிற்பி டெர்ரி ஆட்கின்ஸ் எதிர்த்திசையில் சென்றார். 1995இல் அவர் செய்த கொம்புகள் ஒவ்வொன்றும் 18 அடி நீளமுடையவை, ஊதி ஒலிக்கக்கூடியவை. பார்க்கரின் படைப்பு என்னை அசைக்கிறது. ஆயினும் என் மனம் ஆட்கின்ஸின் பக்கமே சாய்கிறது. ஒரு பொருள் கைவிடப்பட்டது என்பதைக் காட்டுவதோடு நில்லாமல், அது இன்னும் என்ன செய்ய வல்லது என்று அதனிடமே கேட்பது கடினமான வேலை. அந்த வேலையைச் சிற்பி தனியாகச் செய்ய முடியாது. காற்றை அறிந்த ஒருவர் அருகில் இருந்தாக வேண்டும்.

ஜூன் 20, 2024

இன்று தவலையை வெட்டினோம். கழுத்துப் பக்கம் குழாயோடு சேரும், தோள் விரிந்து வயிற்றின் அகலமான இடத்தில் கொம்பின் வாயாகத் திறக்கும், அடிப்பாகம் தேவையில்லை. அந்தத் தோளில், சீர்வரிசைப் பாத்திரங்களில் வழக்கமாகக் காண்பதுபோல், ஒரு பெண்ணின் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டப்பட்டிருக்கிறது. அருகில் வைத்துப் பார்த்தால் எழுதியவரின் கை தெரிகிறது. முதல் எழுத்தின் புள்ளிகள் நெருக்கமாகவும் ஆழமாகவும் இருக்கின்றன. வளைவில் உளியைத் திருப்ப இடமில்லாமல் கடைசி எழுத்துகள் சற்று மேலேறிச் செல்கின்றன.

வயிற்றைச் சுற்றி வெட்டி முடிக்கும் தறுவாயில் 'டிக்' என்று ஓர் ஒலி கேட்டது. முதல் எழுத்தின் கீழ்ப்புள்ளியிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு விரிசல் ஓடியிருந்தது. பெரியவர் வியப்படையவில்லை. அந்தத் தவலை வெகுகாலம் மாட்டுக் கொட்டகையில் கிடந்தது என்று விற்றவர் சொன்னதை நினைவூட்டி, கொட்டகைப் பித்தளை எப்போதும் இப்படித்தான் என்றார். அவர் சொன்னதற்கு உலோகவியலில் ஒரு வரலாறே இருக்கிறது. பிரிட்டிஷ் இந்தியப் படையினர் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்களின் பித்தளை உறைகள் யாரும் தொடாமலே விரிசல் விட்டன. சாணம், சிறுநீர் ஆகியவற்றிலிருந்து எழும் அம்மோனியாவும், உறையை இழுத்து உருவாக்கும்போது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இறுக்கமும் சேர்ந்தே அதைச் செய்தன என்ற விளக்கம் 1921இல்தான் வெளிவந்தது. அடித்து உருவாக்கிய தவலையிலும் அதே இறுக்கம் இருக்கும். பெயர் வெட்டிய புள்ளிகளில் அது இன்னும் கூடுதலாகவே இருக்கும்.

விரிசல் மேலும் ஓடாதிருக்க, தவலையின் தோளை உலைமேல் சுற்றிச் சுற்றிக் காட்டி, சிவக்க விடாமல் மெல்லச் சூடேற்றி இறுக்கத்தைத் தளர்த்தினார். சிவக்கக் காய்ச்சினால் பித்தளை முற்றிலும் இளகி, வாயின் விளிம்பு விறைப்பை இழந்துவிடும் என்றார். விரிசலை வெளியே அப்படியே விட வேண்டும் என்று கேட்டேன். உட்புறத்தில் மெல்லிய தகட்டை வைத்துப் பற்றவைத்துத் தருவதாக ஒப்புக்கொண்டார். வெளியே காயம் தெரியும், உள்ளே ஊசி முனையளவு காற்றும் கசியாது.

ஜூன் 24, 2024

பற்றவைக்கும் வேலை. பித்தளையைப் பித்தளையாலேயே ஒட்டுவது இங்குள்ள பழைய முறை. துத்தநாகம் மிகுந்த பித்தளைப் பொடி, ஒட்டப்படும் தகட்டுக்குச் சற்று முன்பே உருகிவிடும். வெண்காரம் அதை இடுக்குக்குள் ஓடச் செய்யும். இந்த இரு சூடுகளுக்கும் இடையிலான இடைவெளி மிகக் குறுகியது. துத்தநாகம் 907 பாகை செல்சியஸில் கொதித்து வெண்புகையாக வெளியேறத் தொடங்கும். பித்தளைத் தகடும் அதற்குச் சற்று மேலேயே உருகும். அவரிடம் வெப்பமானி கிடையாது. கதவை ஒருக்களித்து வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு, தகட்டின் நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தவலையின் விரிசலுக்கு மட்டும், குறைந்த சூட்டில் ஓடும் வெள்ளிப் பற்றாசை (வெள்ளி கலந்த ஒட்டு உலோகத்தை) பயன்படுத்தினார், பெயரின் புள்ளிகள் மழுங்கிவிடக் கூடாது என்று அவராகவே எண்ணி. உட்புறம் மட்டுமே தம்முடையது என்று சொன்னவர் அவர்.

குத்துவிளக்கின் தண்டைக் கடைசல் பட்டறையில் கொடுத்து ஊதுவாயாகக் கடைந்தாயிற்று. வார்ப்புப் பித்தளையாதலால் அதில் சிறு துளைகள் இருந்தன, அவற்றையும் அடைத்தார்.

ஜூலை 2, 2024

கொம்பு வாசிப்பவர் ஒருவர் வந்து ஊதினார். சட்ஜம் கனமாக எழுந்தது. பட்டறையிலிருந்த தகடுகள் அதிர்ந்தன. ஆனால் பஞ்சமம் கேட்கத்தக்க அளவில் இறங்கியே நின்றது. பெரியவர் ஒரு குச்சியின் நுனியில் மெழுகு உருண்டையை ஒட்டிக் குழாய்க்குள் இடம் மாற்றி மாற்றி வைத்து ஊதச் சொன்னார். காற்று அதிகமாக ஓடியாடும் இடத்தில் குழாய் குறுகினால் அந்த ஸ்வரம் இறங்கும்; அழுத்தம் மிகும் இடத்தில் குறுகினால் ஏறும். மெழுகு எங்கே இருக்கும்போது பஞ்சமம் இன்னும் கீழே போகிறதோ, அங்கேதான் குறையும் இருக்கிறது. அந்த இடம், தெளிப்பான் குழாயின் நடுவிலிருந்த பெரிய நசுங்கல்.

இந்தக் குழாயை நான் வாங்கியதே அந்த நசுங்கலுக்காகத்தான். ஏதோ ஒரு வரப்பில் யாரோ மிதித்த தடமாக அதை எண்ணியிருந்தேன். எடுக்காமல் வேறு வழி உண்டா என்று கேட்டேன். ஊதுவாயை மாற்றலாம், ஆனால் அப்போது மேல் சட்ஜம் கெடும் என்றார். வெகுநேரம் பேசினோம். ஊதுவதற்குரிய சிற்பம் என்று முதலில் சொன்னவன் நானே என்பதால், எடுத்துவிடச் சொன்னேன். இரும்பு உருளையை உள்ளே செலுத்தி, கொட்டாப்புளி என்ற மரச்சுத்தியால் வெளியிலிருந்து தட்டித் தட்டி நிமிர்த்தினார். நசுங்கல் போய்விட்டது, அதன் எல்லையில் ஒரு மங்கிய கோடு நிற்கிறது. மறுபடி ஊதியபோது பஞ்சமம் தன் இடத்தில் நின்றது, அதற்கு மேல் காந்தாரமும் கிடைத்தது.

ஜூலை 5, 2024

காட்சிக்கூடத்தினர், படைப்பாளி என்ற இடத்தில் என் பெயரையும் "தொழில்நுட்ப உதவி" என்ற இடத்தில் அவர் பெயரையும் பெயர் அட்டையில் அச்சிட்டு அனுப்பியிருந்தார்கள். திருத்தச் சொல்லி எழுதிவிட்டேன். எந்தத் தடம் இருக்கலாம், எது போக வேண்டும் என்று இந்தச் சிற்பத்தில் முடிவு செய்தவர்கள் இருவர். இரு பெயர்களும் ஒரே வரியில், ஒரே அளவில் வர வேண்டும். அது நடக்காவிட்டால் சிற்பத்தை அனுப்புவதில்லை.

ஜூலை 8, 2024

திருத்திய அட்டை வந்துவிட்டது. காலையில் பழைய பாத்திரக் கடைக்கு இந்த முறை அவரும் உடன் வந்தார். நான் கையில் எடுத்தவற்றையெல்லாம் தட்டிப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டு, மூலையில் கிடந்த பழைய லாரியின் பித்தளை ஹாரனையும் நசுங்கிய கிராமபோன் புனலையும் எடைபோடச் சொன்னார். புனலின் விளிம்பு ஓரிடத்தில் கிழிந்திருக்கிறது. அதை என்ன செய்வது என்பது என் பொறுப்பாம்.