வேலை தேடும்போது தள்ளிப்போடும் பழக்கம்: எனக்கு உதவியவை

பரீட்சைக்குப் படிப்பதை எவ்வளவு தள்ளிப்போட்டாலும் தேதி ஒன்று இருக்கிறது. முந்தைய நாள் இரவாவது உட்கார்ந்துவிடுவோம். வேலை தேடலில் அப்படி யாரும் தேதி குறித்துத் தருவதில்லை. இன்று அனுப்பாத விண்ணப்பத்தைப் பற்றி எவரும் போன் செய்து கேட்கப் போவதும் இல்லை. அதனால்தான் இது மாதக்கணக்கில் இழுக்கிறது.

இன்னொரு சிக்கல், பார்ப்பதற்கு இது சோம்பலாகவே தெரியாது. நானும் என்னோடு வேலை தேடிய நண்பர்களும் நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால்தான் இருந்தோம். ரெஸ்யூமில் எழுத்துருவை மாற்றுவது, ஒரு பக்கம் போதுமா இரண்டு வேண்டுமா என்று யோசிப்பது, விளம்பரங்களைச் சேமித்து வைப்பது, "இந்த ஒரு கோர்ஸை முடித்துவிட்டு அப்ளை பண்ணலாம்" என்று சொல்லிக்கொள்வது. சாயங்காலம் களைப்பு நிஜமாகவே இருக்கும். ஆனால் வெளியே போன மெயில் ஒன்றுகூட இருக்காது.

ஃபியூஷியா சிரோயிஸ், திமோதி பிச்சில் என்ற உளவியலாளர்கள் 2013-இல் எழுதிய கட்டுரையில் தள்ளிப்போடலை நேர நிர்வாகக் குறையாகப் பார்க்கவில்லை. ஒரு வேலை கிளப்பும் சங்கடத்திலிருந்து அந்த நேரத்துக்குத் தப்பிக்கும் வழி அது என்றார்கள். இதைப் படித்த பிறகுதான் நான் போட்ட டைம்டேபிள் எதுவும் ஏன் நிலைக்கவில்லை என்று புரிந்தது. அனுப்பினால் நிராகரிக்கலாம், அல்லது பதிலே வராமல் போகலாம். ரெஸ்யூமைத் திருத்திக்கொண்டே இருக்கும்வரை அந்தப் பயம் கிட்ட வராது, அவ்வளவுதான்.

எனக்கு அதிகம் உதவியது கணக்கு வைக்கும் முறையை மாற்றியதுதான். கையை விட்டு வெளியே போனதை மட்டும் அன்றைய வேலையாக எழுதுவேன். அனுப்பிய விண்ணப்பம், ஒருவரிடம் விசாரித்த மெசேஜ், இன்டர்வியூவுக்கு ஒப்புக்கொண்ட பதில் எல்லாம் கணக்கில் சேரும். படித்தது, திருத்தியது, சேமித்தது எதுவும் சேராது. இந்த விதி கொஞ்சம் கொடுமையானதுதான். ஆனால் ரெஸ்யூம் திருத்தம் தானாகவே சுருங்கிவிடும்.

அடுத்தது, "வேலை தேடணும்" என்று குறிப்பேட்டில் எழுதுவதை விட்டுவிடுங்கள். எங்கே தொடங்குவது என்றே அதில் இல்லை. "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே முடிவு செய்து வைப்பது நல்ல பலன் தரும் என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் எழுதினார். பலரும் இதை நேரத்துக்கு மட்டும் பயன்படுத்துகிறார்கள்: காலையில் குளித்து முடித்ததும் லேப்டாப்பைத் திறப்பேன் என்பது மாதிரி. நான் அதைத் தயக்கம் வரும் இடத்தில் வைத்தேன். "கேட்ட தகுதிகளில் ஒன்று என்னிடம் இல்லையென்றால், மீதியில் பாதிக்கு மேல் இருக்கிறதா பார்த்து, இருந்தால் உடனே அனுப்புவேன்." முடிவு ஏற்கெனவே எடுத்தாயிற்று, அப்புறம் அந்த இடத்தில் உட்கார்ந்து யோசிக்க ஒன்றுமில்லை.

தெரிந்தவர்களிடம் கேட்பதைத்தான் எல்லாரும் கடைசிவரை தள்ளிப்போடுகிறார்கள். அதிலும் பேசி வெகுநாளான ஆளிடம் கேட்கக் கூச்சம். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில் அடிக்கடி சந்திக்கும் ஆள் வழியாகப் பெற்றவர்கள் சுமார் 17 சதவீதம் மட்டுமே. மீதிப் பேருக்கு எப்போதாவது பார்ப்பவர்கள்தான் உதவியிருக்கிறார்கள். நெருங்கிய நண்பருக்குத் தெரிந்த காலியிடம் பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகத்தான் இருக்கும். வேலை வாங்கித் தரச் சொல்லிக் கேட்காமல் தகவல் மட்டும் கேட்டால் கூச்சம் பாதியாகிவிடும்: "வணக்கம், நல்லா இருக்கீங்களா? உங்க கம்பெனியில் இந்தப் பிரிவுக்கு ஆள் எடுக்கிறாங்களா? எடுத்தால் யாரிடம் பேசணும்னு சொன்னால் போதும்." இதற்கு யாரும் கோபித்துக்கொண்டதாக எனக்கு நினைவில்லை.

வேலையை இழந்துவிட்டுத் தேடுபவர்களுக்கு ஒரு விஷயம். உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் அவர் குழுவினரும் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், வேலை இழந்தவர்களில் ஒரு பிரிவினர் அந்த இழப்பைப் பற்றி மனதில் இருப்பதை தினம் 20 நிமிடம், 5 நாள் எழுதினார்கள். மற்றவர்களைவிட அவர்களுக்குச் சீக்கிரம் வேலை கிடைத்தது. அவர்கள் அதிக இன்டர்வியூவுக்குப் போனார்கள் என்பதும் இல்லை. கோபத்தை உள்ளே சுமந்துகொண்டு போகாததுதான் காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

ஒருநாள் எதுவும் அனுப்பவில்லையா? சரி, விடுங்கள். மறுநாள் இரட்டிப்பாக அனுப்பி ஈடுகட்டப் பார்க்காதீர்கள், அந்தப் பாரமே மறுநாளையும் கெடுக்கும். வழக்கமான அளவே போதும்.

அனுப்பியதையெல்லாம் ஒரு அட்டவணையில் தேதியோடு குறித்து வையுங்கள். ஒரு வாரம், பத்து நாள் கழித்துப் பதில் இல்லையென்றால் ஒரே ஒருமுறை விசாரித்து மெயில் அனுப்பலாம். அதற்கும் பதில் வராவிட்டால் அந்த வரியை அடித்துவிட்டு அடுத்த விளம்பரத்தைத் திறந்துவிடுங்கள்.