'டனர்' மேல ஒரு சிவப்பு வட்டம்

மூணு மாசமா இங்க ஒண்ணுமே எழுதல, காரணம் டிசர்ட்டேஷன். எம்.ஏ. ஹிஸ்டரி ரெண்டாவது வருசம். டாபிக்க நான் தேடிப் போகல, அது எங்க வீட்டுலயே ட்ரங்க் பெட்டிக்குள்ள கெடந்துச்சு. எங்கம்மா வழி ஆளுங்க சிலோன் தேயிலைத் தோட்டத்துல இருந்து, 1964ல இந்தியாவும் சிலோனும் போட்ட ஒப்பந்தப்படி இங்க வந்தவங்க. நீலகிரியில பந்தலூர் பக்கம் டேன்டீ (தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டம்) லைன் வீட்டுல வளந்தவங்களுக்கு இது புதுசு இல்ல, ஆனா கோயமுத்தூர் வந்தப்புறம் "ஓ, நீங்க அகதியா?"னு எத்தனை பேரு கேட்டிருப்பாங்கனு கணக்கே இல்ல. இல்லங்க, நாங்க அகதி இல்ல, கவர்மென்ட் பேப்பர்ல எங்களுக்குப் பேரு 'தாயகம் திரும்பியோர்'. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு ஒவ்வொரு தடவையும் நின்னு வெளக்கி வெளக்கி அலுத்துப்போய்தான், சரி ஒரேயடியா எழுதி வச்சிருவோம்னு இந்த டாபிக்க எடுத்தேன்.

எடுத்தது தப்பில்ல, எழுதுன லட்சணம்தான் தப்பு.

முதல் சாப்டர ரெண்டு ராத்திரியில முடிச்சேன். யூடியூப்ல நாலு வீடியோ, ஃபேஸ்புக்ல ஒரு அண்ணன் எழுதுன நீளமான பதிவு, விக்கிபீடியா, அப்புறம் எங்க பெரிய மாமா சொன்னது. "1964 ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர்"னு கம்பீரமா ஒரு வாக்கியம் வேற. கைடு மேடம் அந்த நம்பர தொடவே இல்ல. 'பட்டனர்'ல கடைசி மூணு எழுத்து, 'டனர்' மேல மட்டும் சிவப்பு பேனாவுல ஒரு வட்டம் போட்டு, பக்கத்துல "அப்படியா? எண்ணிப் பார்த்தது யார்?"னு எழுதிக் குடுத்துட்டாங்க. அவ்வளவுதான். எனக்கு முதல்ல புரியவே இல்ல, இலக்கணத் தப்போனு நெனச்சு 'அனுப்பப்பட்டார்கள்'னு மாத்திட்டுப் போனேன். அந்த நேரத்துல மேடம் மொகத்த நீங்க பாத்திருக்கணும்.

அப்புறம் ஒக்கார வச்சு சொன்னாங்க, மொதல்ல அந்த ஒப்பந்தத்த படிச்சியானு. படிக்கல. அத பத்தி எழுதுனவங்கள படிச்சேன், அவங்கள பாத்து எழுதுனவங்கள படிச்சேன், ஒப்பந்தத்த யாரும் படிச்ச மாதிரி தெரியல, நானும் படிக்கல. இந்திய வெளியுறவு அமைச்சகத்தோட சைட்லயே பழைய ஒப்பந்தங்கள் எல்லாம் கெடக்கு, ஃப்ரீதான். 1964 அக்டோபர் 30, நம்ம பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் சிலோன் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் டெல்லியில பரிமாறிக்கிட்ட கடிதம். ஏதோ தடித் தடியா புக்கு மாதிரி இருக்கும்னு பயந்தேன், ஒரு டீ குடிக்கிற நேரத்துல படிச்சு முடிச்சிரலாம்.

அதுல இருக்கறது இதுதான். ரெண்டு நாட்டுக் குடியுரிமையும் இல்லாத இந்திய வம்சாவளி ஆளுங்க சிலோன்ல சுமாரா 9,75,000 பேரு. அதுல 5,25,000 பேர இந்தியா ஏத்துக்கும், 3,00,000 பேருக்கு சிலோன் குடியுரிமை குடுக்கும், மிச்சம் 1,50,000 பேர அப்புறம் பேசிக்கலாம். (அந்த மிச்சத்த பத்து வருசம் கழிச்சு 1974ல இந்திரா காந்தி காலத்துல ஆளுக்கு 75,000னு பாதியா பிரிச்சுக்கிட்டாங்க. மனுசங்கள பிரிக்கறதா, பாத்திரபண்டம் பிரிக்கறதானு அத படிக்கறப்ப ஒரு நிமிசம் தோணுச்சு, அது டிசர்ட்டேஷன்ல வராது, இங்கதான் எழுத முடியும்.) இதெல்லாம் பதினஞ்சு வருசத்துக்குள்ள படிப்படியா செய்யணும்னு பேச்சு.

ஆக 5,25,000ங்கறது ஒரு வாக்குறுதி. வருவாங்கனு போட்ட கணக்கு, வந்த ஆளுங்களோட கணக்கு இல்ல. மேடம் அந்த 'டனர்' மேல வட்டம் போட்டது அதுக்குத்தான். நடந்தது என்னன்னா இந்தியாவுக்குப் போறேன்னு விண்ணப்பம் போட்டவங்களே இந்த ரெண்டு ஒப்பந்தத்தோட கணக்கையும் தொடல, போட்டவங்கள்லயும் ஏகப்பட்ட பேரு கடைசியில வரல, 1983ல அங்க கலவரம், அதுக்கடுத்த வருசம் தலைமன்னார்ல இருந்து இங்க வர்ற கப்பலும் நின்னுபோச்சு, அதோட கதை முடிஞ்சுது.

இன்னொரு விசயம் அந்தக் கடிதத்துல இருந்துச்சு, இத கண்டுபிடிச்சப்ப லைப்ரரியில ஒக்காந்து தனியா சிரிச்சேன். 5,25,000 பேரும் 'அவங்களுக்கு இயற்கையா பெருகுற எண்ணிக்கையும்'னு போட்டிருக்கு. அதாவது நடுவுல பொறக்குற புள்ளைங்க அந்தக் கணக்குல சேராது, தனி. ஒரு கட்டுரையில வந்தவங்க மூணு லட்சத்து சொச்சம்னும், இன்னொண்ணுல நாலரை லட்சத்துக்கு மேலனும் இருக்கே, ரெண்டுல ஒண்ணு பொய்யோனு நான் ஒரு வாரமா மண்டைய ஒடச்சுக்கிட்டு இருந்தேன். ரெண்டுமே பொய் இல்ல. ஒருத்தரு புள்ளைங்கள சேத்து எண்ணியிருக்காரு, இன்னொருத்தரு சேக்கல. யாரும் அத தலைப்புல எழுதறதில்ல, அட்டவணைக்குக் கீழ பொடி எழுத்துல இருக்கும். இப்பல்லாம் எந்த அட்டவணைய பாத்தாலும் மொதல்ல அடியில இருக்கற பொடி எழுத்துக்குத்தான் கண்ணு போகுது.

அதே மாதிரி சென்சஸ்ல ஒரு குழியில விழப் பாத்தேன். இலங்கை சென்சஸ்ல 'இந்தியத் தமிழர்'னு 1911ல இருந்து தனியா எண்ணுறாங்க. 1971ல 11 லட்சத்து 70 ஆயிரத்துக்கு மேல இருந்தவங்க 1981ல 8 லட்சத்து 18 ஆயிரம். ஆஹா, மூணரை லட்சம் பேரு கொறஞ்சிருக்காங்க, அவ்வளவு பேரும் இந்தியாவுக்கு வந்துட்டாங்கனு எழுதப் போனேன். நல்லவேளை எழுதல. வந்தவங்களும் உண்டுதான், ஆனா அங்கேயே இருந்துகிட்டு 81ல தங்கள 'இலங்கைத் தமிழர்'னு பதிஞ்சுக்கிட்டவங்களும் நெறைய பேரு. ஆளு எங்கயும் போகல, கட்டம்தான் மாறியிருக்கு. கழிச்சுப் போட்டா கப்பல்ல ஏறுனவங்க கணக்கு வந்துரும்னு நெனச்ச என் புத்திய என்ன சொல்ல.

சரி, பேப்பர் கதை இது. இப்ப அம்மாயி கதைக்கு வர்றேன், எனக்கு உண்மையில பாடம் நடந்தது அங்கதான்.

எங்க அம்மாயி, அம்மாவோட அம்மா, அவங்க வந்த கதைய நான் சின்னதுல இருந்து நூறு தடவ கேட்டிருக்கேன். கோச்சி (ரயிலு) ஏறுனது, ஸ்டேஷன்ல போறவங்க வழியனுப்ப வந்தவங்கனு எல்லாருமே ஒப்பாரி வச்சது, தலைமன்னார்ல கப்பல், அப்புறம் "தனுஷ்கோடியில எறங்கி மண்ணத் தொட்டுக் கும்புட்டோம்"னு முடியும். அந்த எடத்துல அவங்க கைய அப்படியே தரையில வச்சு காட்டுவாங்க. நான் போன்ல ரெக்கார்ட் பண்ணி, டைப் பண்ணி, 'நேர்காணல் 1'னு சாப்டர்லயும் போட்டுட்டேன். அம்மாயி சொன்னா வேதம், இதுக்கு மேல ப்ரைமரி சோர்ஸ் வேணுமா?

பொங்கல் லீவுல ஊருக்குப் போனப்ப ட்ரங்க் பெட்டிய தொறந்து, அங்கிருந்து வர்றப்ப குடுத்த ஃபேமிலி கார்டையும் பாஸ்போர்ட்டையும் போட்டோ எடுத்தேன். பாஸ்போர்ட்ல முத்திரை 1974. நீல மை, பாதி அழிஞ்சு போய், ஆனா வருசம் தெளிவா இருக்கு. அன்னைக்கு ராத்திரி படுத்தப்புறம்தான் சுரீர்னு ஒறைச்சுது. தனுஷ்கோடிய புயல் அடிச்சுட்டுப் போனது 1964 டிசம்பர்ல. ஒப்பந்தம் கையெழுத்தாகி ரெண்டு மாசம்கூட ஆகல. ரயிலோட ஆளுங்கள கடல் கொண்டுபோச்சே, அந்தப் புயல். அதுக்கப்புறம் கப்பல் ராமேஸ்வரத்துக்குத்தான் வந்துச்சு. 1974ல அம்மாயி எப்படி தனுஷ்கோடியில எறங்கியிருக்க முடியும்?

காலையில கேட்டேன். நான் கேட்ட விதமும் சரியில்ல, போலீஸ்காரன் மாதிரி கேட்டுட்டேன். "அம்மாயி, நீங்க எறங்குனது ராமேஸ்வரம் தான?" கொழுந்து பறிச்சு காச்சுப்போன வெரலால முந்தானைய இழுத்து விட்டுக்கிட்டு, "அப்ப நான் பொய்யா சொல்றேன்?"னாங்க. அரைநாளு எங்கூட பேசல. சாயங்காலம் டீ போட்டு எடுத்துட்டு வந்து அவங்களே ஆரம்பிச்சாங்க. "எங்கப்பன் ஊருக்கு வந்துட்டு வந்துட்டு போவாரு புள்ள, திருவிழாவுக்கு. தனுஷ்கோடியில எறங்குனேன், மண்ணத் தொட்டுக் கும்புட்டேன்னு அவருதான் சொல்லுவாரு." கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, "நாங்க எறங்குனப்ப எனக்கு ஒண்ணும் கும்புடணும்னு தோணல. புள்ளைக்கு வாந்தி. மண்டபம் கேம்ப்புக்குப் போனா போதும்னு இருந்துச்சு"னாங்க.

அப்பன் கும்பிட்டாரு, அம்மாயி கும்பிடல. அம்பது வருசமா அப்பனோட கதைய தன் கதைக்குள்ள தச்சு வச்சிருக்காங்க. அத பொய்னு எப்படி சொல்றது? அவங்க பொறந்தது நுவரெலியா பக்கம் ஒரு தோட்டத்துல, அவங்கம்மா பொறந்ததும் அங்கதான். துறையூர் பக்கம் ஏதோ ஒரு ஊரு பேரு கார்டுல 'சொந்த ஊர்'னு இருக்கு, வந்து எறங்குற வரைக்கும் அம்மாயி அத கண்ணால பாத்ததில்ல. பாக்காத ஊருக்கு 'திரும்பி' வந்தவங்க, திரும்பி வந்தவங்க எப்படி நடந்துக்கணுமோ அந்தக் கதைய அப்பாகிட்ட இருந்து எடுத்துக்கிட்டாங்க. இது எனக்குத் தோணுறது, மேடம் இதுக்கும் வட்டம் போடலாம்.

அதுக்காக பேப்பர் சொல்றது எல்லாம் சரினு ஆயிராது. அதே ஃபேமிலி கார்டுல அம்மாயிக்கு வயசு ஆறு கூட போட்டிருக்கு, தம்பி முறை ஆளு ஒருத்தர மகன்னு எழுதியிருக்கு. ஏன்னு கேட்டா, "குடும்பமா காட்டுனாதான் ஒண்ணா அனுப்புவாங்கனு பேசிக்கிட்டாங்க"னு சாதாரணமா சொல்றாங்க. பாஸ்போர்ட்ட வச்சு அம்மாயிய திருத்துனேன், இப்ப அம்மாயிய வச்சு கார்ட திருத்த வேண்டியிருக்கு. முத்திரைய நம்பலாம், ஏன்னா அன்னைக்கு துறைமுகத்துல குத்துனவனுக்கு வருசத்த மாத்தி ஆகப்போறது ஒண்ணுமில்ல. வயசும் உறவும் அப்படி இல்ல, அத சொன்னவங்களுக்கு அதுல காரியம் இருந்துச்சு. ஒரே பெட்டி, ஒரே வருசம், ஆனா ரெண்டையும் ஒரே மாதிரி நம்ப முடியாது.

அன்னைக்கு ராத்திரி ஒப்பந்தத்த தமிழ்ல சொல்லி சொல்லி அவங்களுக்குப் படிச்சுக் காட்டுனேன். அந்த 9,75,000 கணக்குல 'சட்டவிரோதமா குடியேறுனவங்க' சேரமாட்டாங்கனு ஒரு வரி வருது. அத கேட்டதும் "கள்ளத்தோணி"னாங்க, வெடுக்குனு. தோட்டத்துல பொறந்தவங்கள பாத்தும் அதத்தான் சொல்லி ஏசுவாங்களாம், கடைத்தெருவுல, பஸ்ஸுல. கடிதத்துல அது ஒரு வரி, கணக்க தெளிவு பண்றதுக்கு. அவங்களுக்கு அது யாரோ மூஞ்சிக்கு நேரா சொன்ன வார்த்தை. இன்னொரு எடத்துல, போற குடும்பம் கொண்டுபோகற சொத்துக்கான உச்சவரம்ப 4,000 ரூபாய்க்குக் கீழ கொறைக்கக் கூடாதுனு வருது. சேமலாப நிதியும் (நம்ம ஊரு பி.எஃப்.) கொண்டுபோகலாம்னு இருக்கு. அம்மாயி விழுந்து விழுந்து சிரிச்சாங்க. "நாலாயிரம் இருந்திருந்தா தோட்டத்துலயே ஆட்டுப்பட்டி போட்டிருப்போம்ல." கொண்டுவந்தது ஒரு தையல் மெஷினு, ரெண்டு பித்தளை அண்டா, ஒரு ரேடியோ. தையல் மெஷினு இன்னும் ஓடுது.

திரும்பி வந்து சாப்டர மறுபடி எழுதுனேன். வீடியோக்கள எல்லாம் தூக்கிட்டேன், ஒண்ணே ஒண்ணத் தவிர, அதுல தாத்தா ஒருத்தரு நேர்ல பேசுறாரு, அவரு சொல்றது அவரு பாத்தது. ஃபேஸ்புக் அண்ணன் பதிவுல இருந்த ஒரு தகவலுக்கு ஆதாரம் கேட்டு மெசேஜ் போட்டேன், "இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே மா"னு பதில் வந்துச்சு. எனக்கும் அப்படித்தான் தெரியும், அதுதான் பிரச்சனையே. 'நூலகம்'னு ஒரு சைட்ல மலையகம் (இலங்கையோட தோட்டப் பகுதி) பத்தி பழைய மலர், பத்திரிகைனு வண்டி வண்டியா கெடக்கு, அங்க உள்ளவங்களே அந்தந்தக் காலத்துல எழுதுனது. அத படிக்க ஆரம்பிச்சா சாப்பாடு மறந்துருது. தோட்டத்துப் பேர சரிபாக்க வெள்ளக்காரன் காலத்து ஃபெர்குசன் டைரக்டரி இருக்கு, எந்தத் தோட்டம் எத்தனை ஏக்கர், யாரு தொரைனு வரிசையா போட்டிருக்கும். தொரை பேரு எல்லாம் இருக்கு. கொழுந்து பறிச்சவங்க பேரு ஒண்ணுகூட கெடையாது. அதுக்கு அம்மாயிகிட்டதான் வரணும்.

தனுஷ்கோடிய நான் எடுக்கல. அவங்க சொன்னத அவங்க சொன்ன மாதிரியே விட்டுட்டு, கீழ அடிக்குறிப்புல பாஸ்போர்ட் முத்திரையோட வருசத்தையும், புயல் வருசத்தையும், சாயங்காலம் அவங்களே சொன்னதையும் போட்டிருக்கேன். அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் போட்டேன். "போடு, ஆனா கும்புடலனு போடாத"னாங்க. இத எப்படி எழுதறதுனு மேடம்கிட்ட கேக்கணும்.

5,25,000 வாக்கியம் இப்ப 'ஏற்றுக்கொள்வதாக ஒப்புக்கொண்டது'னு முடியுது. மேடம் வட்டம் போடல, ஆனா பக்கத்து வரியில 'பெரும்பாலானோர்'ங்கறதுக்கு போட்டுட்டாங்க.

வர்ற சனிக்கிழமை மறுபடி பந்தலூர் போறேன். பெரிய மாமா வீட்டு பரண்ல இன்னொரு பெட்டி இருக்காம், அம்மாயியோட அப்பாவுது. சாவி தொலைஞ்சு வருசம் ஆச்சாம், பூட்ட ஒடைக்க மாமா இன்னும் ஒத்துக்கல.