அருண் கேத்ரபாலின் கடைசி டிசம்பர்

அக்டோபர் 14

1950இல் இதே நாளில் புனேயில் பிறந்தார் அருண் கேத்ரபால். அப்பா ராணுவத்தின் பொறியாளர் பிரிவில் அதிகாரி. சனாவர் லாரன்ஸ் பள்ளி, பிறகு கடக்வாஸ்லா, டேராடூன் ராணுவ அகாடமிகள். 1971 ஜூன் 13இல் 17 பூனா ஹார்ஸ் என்ற டாங்கி ரெஜிமெண்டில் இரண்டாம் லெப்டினன்ட். அகமத்நகரில் டாங்கிப் பயிற்சி பாதியிலேயே நிற்க, 1971 இந்திய-பாகிஸ்தான் போர்முனைக்குப் போனார்.

டிசம்பர் 14

அவர் கமாண்டராக இருந்த செஞ்சுரியன் டாங்கியைத் தெரிந்துகொண்டால்தான் பதினாறாம் தேதி புரியும். எடை சுமார் 50 டன், உள்ளே நாலு பேர். டிரைவர் முன்னால் வலப்பக்கம். மேலே சுழலும் கூண்டில் பீரங்கிக்கு வலப்புறம் கன்னர், அவர் முதுகுக்குப் பின்னால் கமாண்டர். இடப்புறம் லோடர், குண்டை இவர் திணிக்காமல் அடுத்த சூடு இல்லை. என்ஜின் பெட்ரோலில் ஓடுவது. கவசத்தைத் துளைத்த குண்டு பெட்ரோலையோ, அடுக்கி வைத்த குண்டுகளின் மருந்தையோ தொட்டால் உள்ளிருப்பவர்களுக்குக் கிடைப்பது சில நொடிகள். அதனால்தான் தீப்பிடித்ததும் இறங்கச் சொல்கிறார்கள். அது கோழைத்தனம் அல்ல, முறை.

டிசம்பர் 15

இரவு. 47ஆம் காலாட்படை பிரிகேட் பசந்தர் ஆற்றைக் கடந்து அக்கரையில் கால் பதித்துவிட்டது. டாங்கிகள் போய்ச் சேர வேண்டும். நடுவே கண்ணிவெடி வயல். பொறியாளர்கள் பாதிதான் அகற்றியிருந்தார்கள். வழக்கப்படி பாதை முழுக்கத் திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். குறுகிய பாதையில் ஒரு டாங்கியின் சங்கிலி அறுந்தாலும் பின்னால் வருவதெல்லாம் நின்றுவிடும். ஆனால் அக்கரையில் எதிரி டாங்கிகளின் நடமாட்டம் தெரிந்தது. அகற்றாத மிச்சத்தின் மேலேயே பூனா ஹார்ஸ் ஏறிப்போனது. அந்த இரவில் எடுத்த முடிவுக்கு உரிய மதிப்பை நாம் இன்னும் கொடுக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

டிசம்பர் 16

காலை 8 மணி. ஜர்பாலில் புகைத்திரைக்குப் பின்னாலிருந்து பாகிஸ்தான் டாங்கிகள் வந்தன. அங்கிருந்த பூனா ஹார்ஸின் பி ஸ்குவாட்ரன் (டாங்கி அணி) உதவி கேட்க, ஏ ஸ்குவாட்ரனிலிருந்து அருண் விரைந்தார். அந்தச் சண்டையில் 10 எதிரி டாங்கிகள் அழிந்தன. நாலு அவர் கணக்கு.

கூட வந்த இரண்டு டாங்கிகளில் ஒன்று அடிபட்டது, இன்னொன்றின் பீரங்கி பழுது. 'ஃபமகுஸ்டா' என்ற அவருடைய டாங்கியும் தீப்பற்றியது. இறங்கச் சொல்லி வயர்லெஸ்ஸில் உத்தரவு வந்தது. பீரங்கி இன்னும் வேலை செய்கிறது, விட்டு வரமாட்டேன் என்றார். அவர் இறங்கினால் அந்த இடத்தில் எதிரியை மறிக்க வேறு டாங்கி இல்லை. கடைசியாக அவர் வீழ்த்தியது வெறும் 100 மீட்டரில். பிறகு இரண்டாவது அடி. அருணுக்கு வயது 21, இரண்டு மாதம், இரண்டு நாள். லோடர் நந்த் சிங்கும் அன்றே போய்விட்டார். அவர் பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

டிசம்பர் 17

இரவு 8 மணிக்குப் போர்நிறுத்தம். அருணுக்கு நாட்டின் மிக உயர்ந்த போர்வீர விருதான பரம்வீர் சக்ரா. ஃபமகுஸ்டா இன்று அகமத்நகரில், அவர் பயிற்சியைப் பாதியில் விட்டுப் புறப்பட்ட அதே இடத்தில் நிற்கிறது.