டெம்ப்ளேட்டில் ஒளிந்திருந்த குறிப்புகளை வெளியே எடுத்த கதை

"பதினோராம் பக்கத்தில் புள்ளிக்கோடு போட்டு ஒரு குறிப்பு இருக்கிறதே, அது எனக்கா, உங்கள் ஆட்களுக்கா?" என்று வாடிக்கையாளர் தொலைபேசியில் கேட்டார். அதே ஃபைலைத் திறந்து பதினோராம் பக்கத்தைப் பார்த்தேன். அங்கே ஒன்றுமே இல்லை. அவரையே வாசிக்கச் சொன்னேன். "தாமதத்துக்கான காரணத்தை இங்கே விரிக்க வேண்டாம். கேட்டால் மட்டும் சொல்லலாம்." வாசித்துவிட்டு அவர் பேசாமல் இருந்தார். எனக்கும் பேச்சு வரவில்லை.

அந்த வரி எங்கள் அறிக்கை டெம்ப்ளேட்டில் யாரோ எப்போதோ எழுதி வைத்தது. வேர்டில் எழுத்துக்கு 'ஹிடன்' என்று ஒரு குணம் கொடுக்கலாம். ஃபான்ட் பெட்டியில் தடித்த எழுத்து, சாய்ந்த எழுத்து போல அதுவும் ஒரு தேர்வுதான். கண்ட்ரோல், ஷிஃப்ட், ஹெச் மூன்றையும் சேர்த்து அழுத்தினாலும் போதும். அந்த எழுத்து திரையிலிருந்து மறைந்துவிடும், அச்சிலும் வராது. ஆனால் பத்திக்குறிகளைக் காட்டும் பொத்தானை ஒருவர் அழுத்தி வைத்திருந்தால், அடியில் புள்ளிக்கோட்டோடு அது அப்படியே தெரியும். அந்தப் பொத்தான் அவரவர் கணினியில் அவரவர் வைத்துக்கொள்வது. நாங்கள் அணைத்து வைத்திருந்தோம், அவர் போட்டு வைத்திருந்தார். அவ்வளவுதான் வித்தியாசம்.

டெம்ப்ளேட்டைச் சரிசெய்யும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்த அறிக்கையை அனுப்பியது நான். அந்தக் குறிப்பு இருப்பதே எனக்குத் தெரியாது என்பதுதான் என்னை அதிகம் உறுத்தியது.

முதலில் என்னென்ன ஒளிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. வேர்டு சேமிக்கும் டாக்எக்ஸ் ஃபைல் என்பது உண்மையில் பல ஃபைல்களைச் சுருக்கி அடைத்த ஒரு ஜிப் பொட்டலம். நகல் எடுத்து, பெயரின் கடைசியை ஜிப் என்று மாற்றித் திறந்தால், வேர்டு என்ற ஃபோல்டருக்குள் டாகுமெண்ட் என்ற எக்ஸ்எம்எல் ஃபைல் இருக்கும். எழுதிய எல்லாம் அதில் வரிவரியாகக் கிடக்கும். மறைக்கப்பட்ட ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் 'வானிஷ்' என்று ஒரு குறிச்சொல் நிற்கிறது. வாக்கியம் முழுசாக, ஓர் எழுத்துகூடக் குறையாமல், அதன் பக்கத்திலேயே இருக்கிறது. 'காட்டாதே' என்ற ஒரு சொல்லை நம்பித்தான் இத்தனை நாள் வெளியாட்களுக்கு ஃபைல்களை அனுப்பிக்கொண்டிருந்தோம். அந்தச் சொல்லை மதிக்காத வேறொரு மென்பொருளில் திறந்தால் எல்லாம் வெளியே கொட்டிவிடும்.

எங்கள் டெம்ப்ளேட் முப்பத்தெட்டு பக்கம். பல வருஷங்களில் பல பேர் கை வைத்தது. ஆளுக்கொரு முறையில் குறிப்பு எழுதியிருந்தார்கள். ஒருவர் ஹிடன் எழுத்தில், இன்னொருவர் சாம்பல் நிறச் சாய்வெழுத்தில், வேறொருவர் சதுர அடைப்புக்குள். சில இடங்களில் பழைய மேக்ரோபட்டன் ஃபீல்டு இருந்தது. சொடுக்கினால் முழுத் துண்டும் தேர்வாகி, தட்டச்சு செய்தவுடன் மறைந்துவிடும் வகை. நிரப்ப மறந்தால் அதுவும் அச்சில் வரும்.

இவற்றில் என்னைத் திடுக்கிட வைத்தது வெள்ளை எழுத்து. வெள்ளைத் தாளில் வெள்ளை நிறத்தில் எழுதி 'மறைத்திருந்தார்கள்'. ஹிடன் எழுத்தாவது பிடிஎஃப் ஆக்கும்போது விலகிக்கொள்ளும். வெள்ளை எழுத்து பிடிஎஃப்புக்குள்ளும் போய் உட்கார்ந்துவிடும். பழைய பிடிஎஃப் ஒன்றைத் திறந்து எல்லாவற்றையும் தேர்வு செய்து நோட்பேடில் ஒட்டினேன். கண்ணுக்குத் தெரியாத நான்கு வரிகள் நடுவில் வந்து நின்றன. அன்று மாலை வரை பழைய பிடிஎஃப்களை ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுத்தம் செய்யப்போனபோது ஒரு பெரிய தவறு செய்தேன். தேடு-மாற்று பெட்டியைத் திறந்து, தேடும் இடத்தில் சொல் எதுவும் கொடுக்காமல் 'ஹிடன்' என்ற ஃபான்ட் குணத்தை மட்டும் கொடுத்து, மாற்றும் இடத்தைக் காலியாக விட்டு, 'எல்லாவற்றையும் மாற்று' என்று அழுத்தினால் ஹிடன் எழுத்தெல்லாம் போய்விடும். முதல் தடவை ஒன்றுமே கிடைக்கவில்லை என்றது. காரணம், ஹிடன் எழுத்து திரையில் தெரியும் நிலையில் இருந்தால்தான் வேர்டின் தேடல் அதைக் கண்டுபிடிக்கும். கண்ட்ரோல், ஷிஃப்ட், 8 அழுத்தி எல்லாவற்றையும் காட்டச் சொல்லி மறுபடியும் ஓட்டினேன். நூற்றுக்கணக்கில் மாற்றியதாகச் சொன்னது. குறிப்புகள் அவ்வளவு இருக்காதே என்று அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்து, சொல்லடைவு தயாரிக்கும் சக ஊழியர் வந்தார். "அக்கா, இண்டெக்ஸ் காலியாக வருகிறது. நான் போட்ட குறிகள் எல்லாம் எங்கே?" சொல்லடைவுக்காக ஒரு சொல்லைக் குறிக்கும்போது வேர்டு அதன் பக்கத்தில் ஒரு ஃபீல்டைச் செருகுகிறது. அந்த ஃபீல்டும் ஹிடன் எழுத்தாகவே இருக்கும். என் 'எல்லாவற்றையும் மாற்று' குறிப்புகளோடு அவருடைய மூன்று வார உழைப்பையும் துடைத்துவிட்டது. பழைய நகல் இருந்ததால் தப்பித்தோம். ஆனால் இடையில் எழுதிய இரண்டு நாள் திருத்தங்களை அவர்தான் மறுபடியும் உட்கார்ந்து சேர்த்தார். நான் கூடவே உட்கார்ந்து வாசித்துக் கொடுத்தேன்.

அன்றுதான் ஒரு முடிவுக்கு வந்தேன். ஹிடன் என்ற குணத்தை வைத்துக் குறிப்புகளை அடையாளம் காணக் கூடாது. குறிப்புக்கென்று தனி ஸ்டைல், அதாவது நிறம், அளவு போன்ற குணங்களை ஒரே பெயரில் சேர்த்து வைத்த தொகுப்பு, வேண்டும்; அந்த ஸ்டைலை வைத்துத்தான் தேட வேண்டும், அழிக்க வேண்டும். மறைப்பதா காட்டுவதா என்பது அந்த ஸ்டைலின் குணங்களில் ஒன்றாக மட்டும் இருக்கட்டும்.

'எழுதுவோருக்கு' என்று ஒரு பத்தி ஸ்டைல் உருவாக்கினேன். நீல நிறம், இடது பக்கம் ஒரு கோடு, கொஞ்சம் சின்ன எழுத்து. சிதறிக் கிடந்த குறிப்புகள் ஒவ்வொன்றையும் கையால் எடுத்து, வெள்ளை, சாம்பல், ஹிடன் எல்லா அலங்காரத்தையும் கழற்றிவிட்டு இந்த ஸ்டைலைப் போட்டேன். குறிப்புகள் தெரியாமல் அறிக்கை எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால், ஸ்டைலைத் திருத்தி ஹிடனை ஒரே இடத்தில் போட்டால் போதும். மொத்தக் குறிப்பும் ஒரு நொடியில் மறையும், எடுத்தால் திரும்ப வரும்.

இங்கேயும் ஓர் இடறல் வந்தது. சில குறிப்புகள் மட்டும் ஸ்டைலில் ஹிடன் போட்ட பிறகும் பிடிவாதமாகத் தெரிந்தன. பழையவர்களில் ஒருவர் ஹிடன் குணத்தோடு ஓர் எழுத்து ஸ்டைல் (முழுப் பத்திக்கும் அல்லாமல் சில சொற்களுக்கு மட்டும் போடும் வகை) செய்து, அதை அந்தச் சொற்களுக்குப் போட்டிருந்தார். தடித்த எழுத்தைப் போலவே ஹிடனும் வேர்டில் மாறிமாறி இயங்கும் குணம். பத்தி ஸ்டைலும் எழுத்து ஸ்டைலும் இரண்டுமே 'மறை' என்று சொன்னால் ஒன்றை ஒன்று ரத்து செய்து, எழுத்து வெளியே வந்துவிடும். அந்த எழுத்து ஸ்டைலை டெம்ப்ளேட்டிலிருந்தே நீக்கியதும் சரியானது.

பத்திக்குறியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹிடன் எழுத்தில் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். பத்தி முடிவில் என்டர் தட்டும்போது விழும் குறியும் ஓர் எழுத்துதான், அதற்கும் ஹிடன் குணம் உண்டு. சொற்களை மட்டும் மறைத்துப் பத்திக்குறியை விட்டுவிட்டால் அச்சில் ஒரு வெற்று வரி நிற்கும். மாறாக, தேர்வு செய்யும்போது கொஞ்சம் மேலே இழுத்து முந்தின பத்தியின் குறியையும் சேர்த்து மறைத்துவிட்டால், அந்தப் பத்தி அடுத்ததோடு ஒட்டிக்கொள்ளும். எங்கள் அறிக்கைகளில் ஒரு தலைப்பு மட்டும் எப்போதும் கீழே உள்ள பத்தியோடு ஒரே வரியில் ஓடிக்கொண்டிருக்கும். எல்லோரும் அதை வேர்டின் கோளாறு என்றே நினைத்தோம், ஒவ்வொரு முறையும் என்டர் தட்டிப் பிரித்தோம். காட்டச் சொல்லிப் பார்த்தால், தலைப்பின் பத்திக்குறிக்கு அடியில் சின்னதாகப் புள்ளிக்கோடு. பத்தி ஸ்டைலில் மறைத்தால் அந்தப் பத்தியின் குறியும் சேர்ந்தே மறைவதால் இந்தத் தொல்லை இல்லை.

அட்டவணைக் கட்டம் மட்டும் விதிவிலக்கு. கட்டத்தின் கடைசிக் குறியை இப்படி மறைக்க முடியாது. கட்டத்துக்குள் குறிப்பு மட்டுமே இருந்தால் வெற்றிடம் மிஞ்சும். அதனால் குறிப்பை முதல் பத்தியாகவும், எழுத வேண்டிய இடத்தை அதற்குக் கீழே தனிப் பத்தியாகவும் வைத்தேன்.

பொருளடக்கப் பக்க எண்களும் இதனால் கெட்டுப்போயிருந்தன. ஹிடன் எழுத்து திரையில் தெரியும்போது பக்கங்கள் நீளும். அந்த நிலையில் பொருளடக்கத்தைப் புதுப்பித்தால் நீண்ட பக்கங்களின் எண் பதிவாகும். இருபத்து மூன்றாம் பக்கத்தில் இருக்கும் அத்தியாயத்துக்கு இருபத்தேழு என்று போட்டு அனுப்பியிருக்கிறோம். குறிப்புகளை அகற்றிய பிறகே, எல்லாவற்றையும் தேர்வு செய்து எஃப்9 அழுத்திப் பொருளடக்கத்தைப் புதுப்பிப்பது என்று வைத்துக்கொண்டோம்.

'இங்கே பெயர்', 'இங்கே தேதி' போன்ற ஒரு சொல் குறிப்புகளுக்கு வேர்டு 2007-இல் வந்த கன்டென்ட் கன்ட்ரோல் என்ற நிரப்பும் பெட்டியைப் பயன்படுத்தினேன். சாம்பல் நிறத்தில் கேட்கும், தட்டச்சு செய்தால் இடம் கொடுக்கும். நிரப்பாமல் விட்டால் அதுவும் அச்சில் வரும் என்பதை நல்லதாகவே எடுத்துக்கொள்கிறேன். விடுபட்டது கண்ணில் படட்டும். குழுவில் இரண்டு பேர் வேர்டு போன்ற இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் எழுதுபவர்கள். அதில் நிபந்தனை போட்டுப் பத்தியையோ முழுப் பகுதியையோ மறைக்கும் வசதி உண்டு, எனக்கு அது மிகவும் பிடித்தும் இருந்தது. ஆனால் ஃபைல் இரண்டு மென்பொருளுக்கும் இடையே போய்வருவதால், இரண்டுக்கும் பொதுவான எழுத்துக் குணத்தோடு நிறுத்திக்கொண்டேன். அவர்கள் கண்ட்ரோல், எஃப்10 அழுத்தி மறைந்ததைப் பார்ப்பார்கள்.

வெளியே அனுப்பும் முன் செய்ய வேண்டியதை ஒரு வழக்கமாக்கினோம். நகல் எடுப்பது, மாற்றப் பதிவை (ட்ராக் சேஞ்சஸ்) அணைத்து நிலுவையில் உள்ள திருத்தங்களை ஏற்பது, எல்லாக் குறிகளையும் காட்டச் சொல்வது, ஸ்டைல் பட்டியலில் 'எழுதுவோருக்கு' மீது வலது சொடுக்கு செய்து அந்த ஸ்டைலில் உள்ள எல்லாவற்றையும் தேர்வு செய்து அழிப்பது. மாற்றப் பதிவை முதலில் அணைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பதிவு ஓடும்போது அழித்தது அழிந்ததாகாது, சிவப்புக் கோட்டோடு ஃபைலுக்குள்ளேயே இருக்கும். முதல் மாதத்தில் ஒரு அறிக்கை இப்படித்தான் போக இருந்தது, கடைசி நிமிடத்தில் கண்ணில் பட்டது.

எல்லாம் முடிந்த பிறகு வேர்டிலேயே உள்ள டாகுமெண்ட் இன்ஸ்பெக்டர் என்ற சோதனையை ஓட்டுவோம். ஹிடன் எழுத்து, கமெண்ட், எழுதியவர் பெயர் போன்றவை மிச்சமிருந்தால் சொல்லும். அதை நகலில்தான் ஓட்ட வேண்டும், நீக்கியதைத் திரும்பப் பெற முடியாமல் போகலாம். வெள்ளை எழுத்தை அது கண்டுபிடிக்காது. அதனால் பிடிஎஃப்பை நோட்பேடில் ஒட்டி ஒருவர் வாசிப்பதை நான் விடவில்லை.

இத்தனைக்கும் நடுவே, குறிப்புகளை மறைக்கவே வேண்டுமா என்று குழுவில் பேச்சு வந்தது. ஐஇஇஇ என்ற மின், மின்னணுப் பொறியாளர்கள் அமைப்பின் மாநாட்டுக் கட்டுரைகளுக்கான டெம்ப்ளேட்டில் வழிகாட்டி வரிகள் எல்லோரும் பார்க்கும்படியே இருக்கும். அனுப்பும் முன் அவற்றை நீக்கிவிடுங்கள் என்று கடைசியில் சிவப்பு எழுத்தில் கேட்டுக்கொள்வார்கள். எனக்கு அந்த முறைதான் சரி என்று படுகிறது. மறைந்த குறிப்பை எழுதுபவரே பார்ப்பதில்லை, பிறகு யாருக்காக அது? இப்போது எங்கள் டெம்ப்ளேட் திறக்கும்போதே நீலக் குறிப்புகள் தெரியும். ஹிடனை இடையில் பக்க அமைப்பைச் சரிபார்க்க மட்டும் போடுகிறோம், உடனே எடுத்துவிடுகிறோம்.

குறிப்புகளின் வாசகத்தையும் ஒவ்வொன்றாகத் திருத்தினேன். அதற்குத்தான் அதிக நாள் பிடித்தது. வாடிக்கையாளர் கண்ணில் பட்டாலும் நாம் தலைகுனிய வேண்டியிராத வாக்கியமாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் அளவாக வைத்துக்கொண்டேன். 'சேதத்தின் அளவை மீட்டரில் தரவும், படம் இணைக்கவும்' போன்றவை அப்படியே நின்றன. 'விரிக்க வேண்டாம்', 'கேட்டால் மட்டும்' போன்றவை ஒன்பது இருந்தன. ஒவ்வொன்றையும் குழுத் தலைவரிடம் கொண்டுபோய் நீக்கச் சம்மதம் வாங்கினேன்.

அந்த வாடிக்கையாளருக்கு அறிக்கையைத் திருத்தி மறுபடியும் அனுப்பினோம். பதினோராம் பக்கத்தில், அந்தக் குறிப்பு இருந்த அதே இடத்தில், தாமதம் ஏன் ஏற்பட்டது என்று நான்கு வரி எழுதியிருந்தோம். "வந்தது, வாசித்தேன்" என்று மறுநாள் பதில் வந்தது. அடுத்த வேலையையும் எங்களிடமே கொடுத்தார்.